கிளட்ச் இல்லாத வண்டியும் கொண்டை ஊசி வளைவும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

காட்ரோட்டில் திரும்பிக் காமக்காபட்டிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும், கொடைக்கானல் பேருந்தின் ஓட்டுநரை ஒரு பத்து நிமிடம் உற்றுக் கவனியுங்கள். அவருடைய இடது காலும் இடது கையும் ஓய்வென்பதையே அறியா. வளைவுக்கு முன் கிளட்ச், கியர். வளைந்ததும் கிளட்ச், கியர். எதிரே லாரி வந்தால் மீண்டும் கிளட்ச், கியர். அங்கிருந்து ஏரிக்கரை வரை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் நாம் ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். இத்தனை உயரத்தையும் அந்த இடது கால்தான் ஏறுகிறதோ என்று, விடுதியிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் அந்த இடது கால் பழுதாகிவிட்டது. நாயுடுபுரத்தில் சிறு கடை வைத்திருக்கும் என் தந்தையார் பதினெட்டு ஆண்டுகள் பழைய ஆம்னி வேன் ஓட்டியவர். சென்ற ஆண்டு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. “நடக்கலாம், படி ஏறலாம், கிளட்ச் மிதிக்கிற வேலை மட்டும் வேண்டாம்” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவோ மாதம் ஒருமுறை சிகிச்சைக்காக மதுரை போய்வர வேண்டியவர். பேருந்தில் போனால் வரும்போது வாந்தியும் மயக்கமும்; வாடகைக் கார் வைத்தால் கடை வருமானத்தில் பாதி போகும். ஆகவே, பிறருக்கு வசதியாக இருக்கக்கூடிய ‘ஆட்டோமேட்டிக்’ கார் எங்களுக்குக் கட்டாயமாயிற்று. குடும்பத்தில் இயற்பியல் படிப்பவன் நான் ஒருவனே என்பதால், எந்த வண்டி என்று ஆராயும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

நாங்கள் தேடியது இக்காலத்தில் ‘கிராஸ் ஓவர்’ எனப்படும் வகை. ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும். ஆனால் உள்ளே அதன் உடற்கட்டு சாதாரணக் காருடையதே. மழையில் அரித்த சாலைக்கு உயரம் உதவும். முதியவர் குனியாமல் ஏறலாம். நீளம் 4 மீட்டருக்குள்ளும் எஞ்சின் சிறியதாகவும் இருந்தால் வரியும் குறைவு. இதுவரை குழப்பமில்லை. குழப்பம் தொடங்கியது விற்பனைக் கூடத்தில்தான். எதைக் கேட்டாலும் “ஆட்டோமேட்டிக் இருக்கு சார்” என்ற ஒரே விடை. ஒன்றுக்குச் சாதாரண வண்டியைவிட அரை லட்சம் சுற்று அதிகம். மற்றொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ஏன் இந்த வேறுபாடு என்றால், “அது டெக்னாலஜி வேற சார்” என்று புன்னகை! 2023-இல் வெளிவந்த மாருதி ஃப்ராங்ஸ் என்ற ஒரே பெயருள்ள வண்டியில், ஒரு எஞ்சினுடன் ஒரு வகை ஆட்டோமேட்டிக்கும் மற்றோர் எஞ்சினுடன் முற்றிலும் வேறு வகையும் வந்தன. அதே ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட டாட்டா நெக்ஸானிலும் இரண்டு வகைகள். பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்குபவர் தாம் வாங்குவது எது என்றே அறியாமல் வாங்கிவிடக்கூடும்.

வகைகளைப் பார்க்குமுன் ஓர் அடிப்படையைத் தெளிந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். நின்றிருக்கும் வண்டியின் சக்கரமோ சுற்றுவதே இல்லை. சுழலும் எஞ்சினையும் சுழலாத சக்கரத்தையும் இணைக்க வேண்டுமானால், நடுவில் ஏதேனும் ஒன்று சிறிது நேரம் வழுக்கியே ஆகவேண்டும். வழுக்கினால் வெப்பம் பிறக்கும். சமதரையில் இந்த வழுக்கல் இரண்டு நொடியில் முடிந்துவிடும். மேட்டில் நெரிசலில் நின்று நின்று போகையில் அது முடிவதே இல்லை. வண்டி நகராதபோது செய்யப்பட்ட வேலை சுழி என்று முதலாம் ஆண்டிலேயே படித்தோம் அல்லவா? அவ்வாறாயின், பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்து மேட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர், எஞ்சின் அனுப்பும் ஆற்றல் முழுவதையும் வெப்பமாகவே மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்த வெப்பம் எங்கே போகிறது? மலையில் வாழ்வோர் ஒவ்வொரு ஆட்டோமேட்டிக் வண்டியையும் பார்த்துக் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்.

விலை குறைந்த வகையிலிருந்து தொடங்குவோம். இதற்கு ஏ.எம்.டி. என்று பெயர். இதன் உள்ளே இருப்பது நம் ஆம்னியில் இருப்பது போன்ற அதே கியர் பெட்டியும் அதே உலர்ந்த கிளட்சுமே. கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியரைத் தள்ளும் கைக்கும் பதிலாக இரு இயந்திர விரல்களைப் பொருத்தி, ஒரு சிறு கணினியின் ஆணைப்படி அவற்றை இயக்குகிறார்கள். 2014-இல் மாருதி செலெரியோவில் இது வந்த பிறகே, நடுத்தரக் குடும்பத்துக்கும் ஆட்டோமேட்டிக் எட்டும் என்ற நிலை பிறந்தது. 2021-இல் வந்த டாட்டா பஞ்ச், 2023-இல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறு கிராஸ் ஓவர்களிலும் இதைக் கொடுத்தார்கள். அமைப்பு எளிது, எரிபொருள் செலவு சாதாரண வண்டியை ஒத்தது, பழுது பார்ப்பதும் பெரும்பாடு இல்லை. குறை இரண்டு. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் எஞ்சினின் இழுவை ஒரு கணம் அறுபட்டு மீண்டும் தொடரும். பயணி தலையை ஒருமுறை ஆட்டுவார். சமதரையில் இது சிரிப்புக்குரியது. கொண்டை ஊசி வளைவின் உட்புறம் செங்குத்தாக ஏறும் இடத்தில் அந்த ஒரு கணம் வண்டி தளர்வது சிரிப்புக்குரியதன்று. இரண்டாவது, வழுக்கல் முழுவதையும் அந்த ஒற்றை உலர்ந்த கிளட்ச் தட்டே ஏற்க வேண்டும். மனிதன் ஓட்டினாலாவது வாசனை வந்ததும் காலை எடுப்பான்!

இரண்டாவது வகையைத் திருப்புவிசை மாற்றி எனலாம். கடையில் ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்று கேட்க வேண்டும். இரு மின்விசிறிகளை நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். இரண்டையும் எதுவும் தொட்டு இணைக்கவில்லை. காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த வெளிக்குப் பதில் மூடிய ஓடு, இவ்வளவே கருத்து. எஞ்சினோடு சுழலும் விசிறி எண்ணெயை எறிய, எதிரே உள்ளது அதை ஏற்றுச் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள மூன்றாவது சிறு விசிறி, திரும்பிவரும் எண்ணெயைத் திசை மாற்றி மீண்டும் முன்னே தள்ளுவதால், வண்டி புறப்படும் வேளையில் திருப்புவிசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகும். மேட்டில் கிளம்பும்போது இதைவிட வேறென்ன வேண்டும்? வெப்பம் எண்ணெய்க்குப் போகிறது. எண்ணெயைக் குளிர்விக்கத் தனி வழி உண்டு. ஒன்றோடொன்று தேய்வதற்குத் தட்டு இல்லை. வேகம் வந்தபின் இரு விசிறிகளையும் ஒரு பூட்டு இணைத்துவிடுவதால் வீணாகும் ஆற்றலும் இப்போது குறைவு. இதன் பின்னால் உள்ள பற்சக்கரங்களின் அமைப்பு தனி அழகு: நடுவே சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், அனைத்தையும் தழுவிய வெளி வளையம்.

இதைக் கண்டவர் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர். 1905-இல் இதற்கு அவர் உரிமம் கோரியபோது காரைப் பற்றி நினைக்கவே இல்லை! கப்பலில் மிக வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியின் ஆற்றலை, மெதுவாகச் சுழல வேண்டிய உந்துவிசிறிக்குத் தருவது எப்படி என்பதே அவருடைய சிக்கல். கடலுக்காகப் பிறந்தது மலைக்கு உதவுகிறது. 2022-இல் புது வடிவில் வந்த மாருதி பிரெஸ்ஸாவில் இவ்வகை ஆறு கியர்ப் பெட்டி இருந்தது. மேலே சொன்ன ஃப்ராங்ஸிலும் டர்போ எஞ்சினுடன் வந்தது இதுவே.

மூன்றாவதான சி.வி.டி. நமக்குப் புதியதன்று. 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரைப் பேராசிரியர்கள் சிலர் ஓட்டியிருப்பார்கள். இன்று நம் மாணவியர் பலர் வரும் கியரில்லா ஸ்கூட்டர்களிலும் இருப்பது இதே தத்துவம்தான். கூம்பு வடிவத் தட்டுகளால் ஆன இரு கப்பிகள்; இடையே ஒரு பட்டை. தட்டுகள் நெருங்கினால் பட்டை மேலேறிக் கப்பி பெரிதாகும், விலகினால் சிறிதாகும். எனவே ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிகளே இல்லை. சாய்தளம்போல் ஒரே வழுவழுப்பு. ஸ்கூட்டரில் ரப்பர் பட்டை. காரில் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த பட்டை. 1958-இல் காரில் இதைப் பொருத்தி அறிமுகப்படுத்தியவர்கள் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்தார். மேடே இல்லாத நாட்டில் பிறந்தது என்பதை நினைவிற்கொள்க! அந்தக் கார் முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும் என்பதால், அந்நாட்டில் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்களாம். நகர நெரிசலுக்கு இதைப்போல் இதமானது இல்லை. புறப்படும்போது வழுக்கலை ஏற்கப் பலவற்றில் மேலே சொன்ன எண்ணெய் விசிறியையே முன்னால் வைத்திருப்பதால், மேட்டில் நின்று கிளம்பவும் அஞ்ச வேண்டியதில்லை. 2023-இல் வந்த ஹோண்டா எலிவேட் இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் உச்சச் சுற்றில் ஒரே குரலில் அலறிக்கொண்டே இருக்கும். வண்டி தன்போக்கில் வரும். பழனியிலோ திண்டுக்கல்லிலோ குடியிருந்து ஆண்டுக்கு இருமுறை மலையேறுபவர் எனில் நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

நான்காவது இரட்டைக் கிளட்ச் வகை, டி.சி.டி. இதை விளக்க நம் மலையிலேயே உவமை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வத்தலக்குண்டுச் சாலை உருவாகும் முன், பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். நடக்க முடியாதவரை டோலியில் தூக்கிச் சென்றார்கள். தூக்குவோர் ஆள் மாறும்போது டோலியைக் கீழே வைக்க வேண்டியதில்லை. புதியவர் தோள் கொடுத்த பின்னரே பழையவர் தோளை எடுக்கலாம். டி.சி.டி. செய்வதும் இதுவே. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்று. இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். இழுவை அறுபடுவதே இல்லை. ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்போர் இதை விட மாட்டார்கள். ஆனால் கிளட்சுகள் உலர்ந்தவையா, எண்ணெயில் நனைந்தவையா என்று கேட்டறிய வேண்டும். 2019-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது உலர்வகை. 2023-இன் நெக்ஸானில் வந்தது நனைந்த வகை. உலர்வகை மேட்டு நெரிசலில் சூடேறினால், ‘ஓரமாக நிறுத்து’ என்று எச்சரிக்கை விளக்கைக் காட்டும். சித்திரை, வைகாசியில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே வண்டிகள் வால்போல் நிற்கும்போது ஓரம் எங்கே இருக்கிறது? உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்ததற்கே அந்த நெரிசல்தானே காரணம்!

இதுவரை ஏற்றம். இறக்கத்தைப் பற்றி விற்பனைக் கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதைச் சொன்னவர், இருபது ஆண்டுகளாக இப்பாதையில் சுற்றுலா வேன் ஓட்டும் என் தாய்மாமன். “மாப்ளே, ஏறுன கியர்லதான் எறங்கணும். அது இந்த வண்டியில முடியுமான்னு முதல்ல பாரு” என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காக்கிப் பார்த்தேன். ஐந்து பேரும் மூட்டையுமாக வண்டியின் நிறை 1,500 கிலோ எனக் கொள்வோம். 1,800 மீட்டர் உயரத்தில் அதன் நிலையாற்றல் ஏறத்தாழ 26 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பதே இதைவிட அதிகம் என்பதால் சிறிதாகத் தோன்றலாம். வேறு விதமாகச் சொல்கிறேன்: 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டும் மிஞ்சாமல் ஆவியாக்கும் வெப்பம் அது! கொடைக்கானலிலிருந்து காட்ரோட்டுக்கு இறங்கி வருவதற்குள் இத்தனையையும் எங்கேனும் செலவிட வேண்டும். சக்கரங்களின் உருளும் உராய்வும் காற்றின் தடையும் ஒரு பகுதியை ஏற்கும். மீதியை எஞ்சின் ஏற்காவிட்டால் பிரேக் ஏற்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தர எண்ணெய் புதிதில் 205 பாகைக்குக் குறையாமல் தாங்கும் என்றால், ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி தோன்றும். குமிழி அமுங்கும்; மிதி தரையைத் தொடும்; சக்கரத்துக்கு விசை போகாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வாடகைக் காரில் இறங்கியபோது, டம்டம் பாறைக்கு அருகில் கருகிய வாசனை வந்து முக்கால் மணி நேரம் நின்றோம். அப்போது ஏன் என்று தெரியவில்லை. அந்த ஓட்டுநர் எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு வந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த மிச்சமும் பொய்க்கணக்கு. இக்கால எஞ்சினில் கியரிலிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அடியோடு நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தன்னை அணையாமல் காத்துக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும். சாவியையே திருப்பி அணைத்துவிடுவோரும் உண்டு. அணைத்தால் பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணைவிசை ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

இறக்கத்தில் தரவரிசை மாறுவதுதான் வியப்பு. ஏற்றத்தில் பின்தங்கிய ஏ.எம்.டி., கையால் இரண்டாம் கியரில் நிறுத்தி வைத்தால், சாதாரண வண்டியைப் போலவே உறுதியாகப் பிடித்து நிறுத்தும். கிளட்ச் முழுதும் மூடியிருப்பதே காரணம். டி.சி.டி.யும் அவ்வாறே. எண்ணெய் விசிறி வகையிலும் பூட்டு விழுந்து கீழ்க்கியரில் நின்றால் குறையில்லை. ஆனால் ‘டி’யிலேயே விட்டுவிட்டால் அது மேல்கியருக்குத் தாவிவிடக்கூடும். சி.வி.டி.யில் ‘எல்’ அல்லது ‘எஸ்’ என்ற நிலையை நாமாகப் போட்டால்தான் பிடிப்பு கிடைக்கும். ஆகவே கியரைக் கையால் கட்டுப்படுத்தும் வழி உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். இல்லாத வண்டி மலைக்கு ஆகாது என்பது என் துணிபு.

மின்சாரக் காரில் கியர் மாற்றமே இல்லை. இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாகி ஆற்றலை மின்கலத்துக்கே திருப்பித் தரும். எங்கள் மலைக்கு ஏற்றதென்றே தோன்றுகிறது, விலைதான் எட்டவில்லை. வாங்குவோர் ஒன்றை மறவாதிருக்க: கொடைக்கானலில் முழுதும் மின்னேற்றிக்கொண்டு இறங்கினால், நிரம்பிய குடத்தில் நீர் ஊற்றுவது போல், திரும்பிவரும் ஆற்றலுக்கு இடமிராது.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். நம் வீட்டில் அரிசி வேக நேரமாவதற்குக் காரணமான அதே மெல்லிய காற்றுதான் எஞ்சினுக்கும் கிடைக்கிறது. 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலிமையும் ஏறத்தாழ அந்த அளவு குறையும். டர்போ உள்ளது இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்துகொள்ளும். சமவெளியில் ஓட்டிப் பார்த்து “நல்லா இழுக்குது” என்று முடிவு செய்வது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

இவ்வளவும் குறித்துக்கொண்டு, மாமாவும் நானும் அப்பாவும் திண்டுக்கல்லுக்குப் போனோம். விற்பனைக்கார இளைஞர் புறவழிச்சாலையில் ஓட்டிக்காட்ட முனைந்தார். “தம்பி, நாங்க இருக்கறது மலையில. மேட்டுல நிப்பாட்டி எடுத்துப் பார்க்காம எப்படிப்பா?” என்றார் மாமா. மேலாளரைக் கேட்டு, சிறுமலைப் பாதையில் முதல் சில வளைவுகள் வரை அனுமதித்தார்கள். முதலில் ஏ.எம்.டி. வண்டி. வளைவு நடுவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், இரண்டு நொடி நின்றது. பிறகு ஒரு சாண் பின்னால் வந்துதான் ஏறியது. பழகிவிட்டால் சமாளிக்கலாம் என்றார் மாமா. அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்தது எண்ணெய் விசிறி வண்டி. அதே இடத்தில் காலை எடுத்ததும் அசையாமல் நின்று, மெல்ல அழுத்தியதும் ஏறிவிட்டது. அப்பா மூன்று முறை நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பார்த்தார். நான்காம் முறை வேண்டியதில்லை. விளையாட்டுக்காகச் செய்தார் என்று நினைக்கிறேன்.

விலை வேறுபாடு ஒரு லட்சத்துக்கு மேல். அக்கா திருமணத்துக்கென்று அம்மா கட்டிவந்த சீட்டை எடுப்பதா என்று வீட்டில் நான்கு நாள் பேச்சு நடந்தது. “நான்தானே மாசாமாசம் எறங்கப் போறேன்” என்று அக்காவே முடித்து வைத்தாள். அவளும் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஸ்கூட்டர் ஓட்டிய கைக்குக் கிளட்ச் இல்லாதது பெரிய நிம்மதி. இரண்டு ஆண்டு ஓடிய, டர்போவும் ஆறு கியரும் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினோம்.

முதல் மதுரைப் பயணத்துக்கு மாமாவும் வந்தார். பெருமாள்மலை தாண்டியதும் அப்பா கியரை இரண்டில் நிறுத்தினார். எஞ்சின் உறுமியபோது அம்மா பயந்து, “ஏங்க, ஏதோ சத்தம் வருதே” என்றார். “அதுதாம்மா பிடிச்சுக்கிட்டு வருது” என்றேன். டம்டம் பாறையில் நிற்கவில்லை. காமக்காபட்டியில் நிறுத்தியதும் மாமா இறங்கி, முன்சக்கரத்தருகே குனிந்து புறங்கையை நீட்டிப் பார்த்தார். நான்கு சக்கரத்தையும் அப்படியே பார்த்துவிட்டு நிமிர்ந்து, “மாப்ளே, டீ சொல்லு” என்றார்.